இடதுபுறத் திருகு

முதலில் பெட்ரோல், அடுத்து நெருப்பு, அதற்கும் அடுத்துத்தான் காற்று. நின்றுபோன வண்டியை இந்த வரிசையில்தான் விசாரிக்க வேண்டும். வரிசை பிசகினால் வண்டி நம்மை அலைக்கழித்துவிடும். இதை எனக்கு எந்த மெக்கானிக்கும் சொல்லித் தரவில்லை. கிளை நூலகத்தில் புத்தக முதுகுகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், யாரும் இரவல் கேட்டு வராத ஓர் ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையோடு சொல் சொல்லாகப் பிரித்துப் படித்து நானே தெரிந்துகொண்டது. அன்றிலிருந்து இந்த வண்டியின் உடம்பில் என் கை தவிர வேறு கை பட்டதில்லை. இப்போதும் படாது. கழுகுமலைக்குப் போகும் சாலையோரம், ஓர் உடைமரத்தின் ஓட்டை நிழலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு இதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் உட்கார்ந்து வந்த என் மனைவி செண்பகவல்லி இறங்கி, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, வயர்க்கூடையை வயிற்றோடு அணைத்தபடி மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கூடைக்குள் பேரனுக்கு எடுத்த பட்டுத்துணி, பழம், பச்சரிசி, வெல்லம். எல்லாவற்றுக்கும் அடியில், கைக்குட்டை முடிச்சுக்குள், கடுகளவு தங்கத் தோடுகள். சங்கரன்கோவிலில் பத்தரைக்குள் முகூர்த்தம். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்த வேண்டிய பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லை. பூங்கோதை எங்களுக்கு ஒரே பெண். மாமன் இல்லாத பிள்ளைக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் மடிதான் மாமன் மடி. அந்த மடி என்னுடையது. கல்யாணத்துக்குப் பிறகு என் வாசலை மிதிக்காத மகள், தன் வாசலை நானும் மிதித்திராத மகள், ஆயுதபூசை அன்று தொலைபேசியில் அழைத்து, "அப்பா மடியிலதாம்மா வச்சுக் குத்தணும்னு இருக்கேன், அப்பா வருவாங்களா?" என்று தாயிடம் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை. ஆனால் ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் ஒரு கையில் கைப்பேசியுமாக முற்றத்தில் நின்ற செண்பகவல்லி, அதை என் காதில் விழும் சத்தத்தில்தான் வைத்திருந்தாள். நான் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, "வரச் சொன்னா வரவேண்டியதுதானே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அப்பா வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை சின்னச் சொல். அது ஏன் வாயில் வரவில்லை?

பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறக்கிறேன். இடுப்பால் வண்டியை ஆட்டிக் காதைக் கொடுக்கிறேன். உள்ளே களக் களக் என்கிறது. பெட்ரோல் இருக்கிறது; முதல் கேள்வி முடிந்தது. "என்னங்க, மூடியைத் திறக்கும்போது உங்க வண்டி ஒரு பெருமூச்சு விட்டுச்சு" என்கிறாள் மைல்கல்லிலிருந்து. வண்டி பெருமூச்சு விடாது, நீ விட்டிருப்பாய் என்கிறேன். "நான் விட்டா உங்களுக்குக் கேட்டிருக்கவா போகுது?" என்று கூடையிலிருந்து ஒரு வெற்றிலையை உருவித் துடைக்கிறாள். இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை. அடுத்தது நெருப்பு. பிளக்கைக் கழற்றி எடுக்கிறேன். சூடு விரலைச் சுடுகிறது. முனை நல்ல பழுப்பு நிறத்தில், குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது. ஆனாலும் குறை சொல்கிறேன். உப்புத்தாளால் தேய்க்கிறேன், ஊதுகிறேன், எஞ்சின்மேல் சாய்த்து வைத்துக் கிக்கரை உதைத்து அந்த நீலப் பொறியைப் பார்க்கிறேன். பொறி வருகிறது, முன்பும் வந்திருக்கும். இந்தச் சமயத்தில்தான் ஒரு பேருந்து வந்தது. கைகாட்டாமலே நின்றது, கண்டக்டர் படியில் தொங்கியபடி, "சங்கரன்கோயில், சங்கரன்கோயில்! பெரியம்மா, சீர்க்கூடையோட வெயில்ல என்னத்துக்கு? ஏறுங்க. ஐயா வண்டியோட பேசி முடிச்சிட்டு வரட்டும்" என்றான். உள்ளே இரண்டு பெண்கள் சிரித்தார்கள். செண்பகவல்லி எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். பிளக்கைக் கையில் பிடித்தபடி நான், "நீங்க போங்க, நாங்க முன்னாடி போய் நிப்போம்" என்றேன். பேருந்து போய்விட்டது. அது கிளப்பிய சாலையோரத் தூசி, மடித்துக் கட்டிய வேட்டியின்மேல் படிந்தது. பேருந்தில் போய் இறங்கினால் விருந்தாளி, வண்டியில் போய் இறங்கினால் அப்பா. நேற்று இரவெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் புரட்டிப் புரட்டி அழகுபார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டவுடன் பூங்கோதைக்குத் தெரிய வேண்டும். சின்ன வயதில் இந்தத் தொட்டியின்மேல் உட்கார்ந்து, சூடு தாங்காமல் பாவாடையை மடித்துப் போட்டுக்கொண்டு, என் முன்கைகளுக்கு நடுவில் ஊர் சுற்றியவள் அல்லவா. மூடியை இறுக்கி, பிளக்கைப் பூட்டி உதைத்தேன். முதல் உதையிலேயே எடுத்துக்கொண்டது. "பிளக்குதான்" என்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். என் கை பட்டது, வண்டி ஓடியது. இடையில் வேறொன்று இருக்க முடியும் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்?

ஓடுகிறது. இரு பக்கமும் கரிசல் ஈரத்தோடு கறுத்துக் கிடக்கிறது. மக்காச்சோளம் முழங்கால் உயரம். தூரத்தில் காற்றாலைகள் அவசரமில்லாமல் கையை வீசுகின்றன. செண்பகவல்லி எப்போதும்போல ஒருபக்கமாக, இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கை என் தோளில் பாரமில்லாமல் இருக்கிறது. அன்று பூங்கோதையைப் பெண் கேட்டு வந்த அந்தப் பையன் என்ன சொன்னான்? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறந்ததுபோல இருப்பது மரியாதைக்காக. முற்றத்தில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பியிருந்தேன். வெளுத்த சட்டை, பேருந்தில் வந்த கசங்கல், கையில் ஒரு பழப்பை. "சார், நான் இசக்கிராஜ். பூங்கோதை சொல்லியிருப்பாங்க." நான் நிமிராமலே, "முடியாது" என்றேன். "சார், நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே" என்றான். எந்த நக்கலும் இல்லாமல், உண்மையான குழப்பத்தோடுதான் கேட்டான். அதுதான் எனக்கு நக்கலாகப் பட்டது. அவன் போன பிறகு கதவுநிலையில் நின்ற பூங்கோதை, "ஏன் முடியாதுன்னு ஒரு காரணம் சொல்லுங்கப்பா" என்றாள். சொன்னது சொன்னதுதான் என்றேன். "வண்டிக்கு ஒரு கோளாறுன்னா காரணம் அகப்படுற வரைக்கும் சோறு திங்க மாட்டீங்க. எனக்கு மட்டும் ஒத்தை வார்த்தையா?" அதற்கான காரணத்தை இத்தனை காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்: அவன் சாதியா, சம்பளமா, ஊரா? ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்த்துத் துடைத்து வைக்கிறேன். எல்லாம் நல்ல நிறத்தில்தான் இருக்கின்றன. முடிவுசெய்த பிறகு என்னிடம் கேட்க வந்தார்கள் என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. அதை ஒரு காரணம் என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் முடியாது என்பதையே காரணமாக வைத்துக்கொண்டேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு சுருதி குறைகிறது. இல்லை, என் பிரமை. இல்லை, குறைகிறது. முறுக்குகிறேன், வாங்கவில்லை, ஒரு விக்கல், இன்னொரு விக்கல், தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டவன் பேச முயல்வதுபோல ஓர் இழுப்பு. பிறகு சங்கிலியின் சரசரப்பும் டயரின் ஓசையும் மட்டும். நிற்கிறது. நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறேன். வளைவுக்கு அப்பால் கழுகுமலைக் குன்று, ஒற்றைப் பாறையாக, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த வளைவில்தான் நிற்க வேண்டுமா? வேறு வளைவே இல்லையா?

மூடியைத் திறக்கிறேன், ஆட்டுகிறேன், பெட்ரோல் இருக்கிறது, மூடுகிறேன். சீக்கிரம் மூடுகிறேன். பெட்ரோல் என்ற அத்தியாயத்தில் அதிக நேரம் நிற்க மனம் ஒப்பவில்லை, நெருப்புக்கு ஓடுகிறது. பொறியைத் தட்டிவிடும் பாயிண்ட்டைப் பார்க்கலாம், கண்டென்சர் சூட்டில் கைவிடும், காயில் உள்ளே வெடித்திருக்கும், எத்தனையோ இருக்கின்றன. வண்டி சாகும் விதம்தான் நோயைச் சொல்லும் என்று கையேட்டில் ஒரு வரி உண்டு. நெருப்பு போனால் பளிச்சென்று, விளக்கை அணைத்ததுபோலச் சாகும். பெட்ரோல் போனால் விக்கி, இழுத்து, தவணை வாங்கிச் சாகும். இது எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பாயிண்ட்டின் இடைவெளியை நகத்தால் அளந்துகொண்டிருக்கிறேன். ஏனென்றால் இதே விக்கலை இதே வளைவில் நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன். பூங்கோதையின் கல்யாணத்தன்று. அதே சங்கரன்கோவிலில், கோயிலில் வைத்துத் தாலி. நாங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். விடியற்காலையில் செண்பகவல்லி பட்டுடுத்தி, ஒரு வார்த்தையும் பேசாமல், வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மௌனத்துக்காக வண்டியை எடுத்தேன். இந்த வளைவில் குன்று தெரிந்தது. குன்று தெரிந்தால் பாதி தூரம் வந்துவிட்டது என்று பொருள். கிளட்சிலிருந்து என் இடது கை இறங்கியது. தொட்டிக்கு அடியில், முழங்காலுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு திருகு. பிடி கீழ்நோக்கி இருந்தால் பெட்ரோல் இறங்கும், மேல்நோக்கி இருந்தால் அவசரத்துக்கென்று அடியில் மிச்சம் வைத்திருப்பது இறங்கும், குறுக்கே இருந்தால் ஒன்றுமே இறங்காது. குறுக்கே திருப்பினேன். கார்புரேட்டரில் மிஞ்சியிருந்ததைக் குடித்துவிட்டு வண்டி கொஞ்ச தூரம் ஓடும். பிறகு தானாக நிற்கும். பார்ப்பவருக்கு இயற்கை மரணம். எதற்குச் செய்தேன்? ஒரு நிமிடம் மூச்சுவாங்கிக்கொள்ள. சத்தியமாக ஒரு நிமிடம்தான். ஆனால் நின்ற பிறகு அந்தத் திருகைத் திறக்கக் கை வரவில்லை; திறந்தால் வண்டி ஓடிவிடுமே என்ற பயம். திருகைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றினேன். பிளக், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட், பாயிண்ட், எல்லாம். அவள் கேட்கக் கேட்க ஒவ்வொரு நோயாகப் பெயர் சொன்னேன். வெயில் ஏறியபோது செண்பகவல்லி மகளுக்குத் தொலைபேசியில், "வண்டி நின்னுபோச்சும்மா" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். தள்ளிக்கொண்டே ஊர் திரும்பினோம். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருபக்கமாக உட்காருகிறவள், முகம் இடப்பக்கம், கண்ணுக்கு நேர் கீழே அந்தத் திருகு. ஆனால் அன்று அவள் குன்றைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள் என்று ஒரு நினைவு. அந்த நினைவை நானாக உண்டாக்கிக்கொண்டேனோ என்றும் ஒரு சந்தேகம்.

ஸ்கூட்டரில் போன ஓர் இளைஞன் வேகத்தைக் குறைக்கிறான். பின்னால் கைக்குழந்தையோடு அவன் மனைவி. "என்ன பெரியவரே, மக்கர் பண்ணுதா? இதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டிருந்தா வழியில தின்னுக்கிட்டே நடந்து போயிருக்கலாமே!" அவன் மனைவி அவன் முதுகில் ஒரு குத்து விடுகிறாள்: "பேசாம போங்க, வயசானவங்களை." பிறகு செண்பகவல்லியைப் பார்த்து, "அம்மா, கழுகுமலை வரைக்கும் வாரீகளா? நெருக்கி உக்காந்துக்கிடலாம்" என்கிறாள். செண்பகவல்லி சிரித்துக் கையசைத்து அனுப்பிவிடுகிறாள். சிரிப்பு அந்த ஸ்கூட்டர் மறையும்வரைதான். "ஏங்க." நான் நிமிரவில்லை. "நிமிந்து பாருங்க. வண்டி நிக்குதா, நீங்க நிப்பாட்டுறீங்களா?" இரண்டு வகையாகவும் கேட்கக்கூடிய கேள்வி இது: மனைவிமார் வழக்கமாகச் சலித்துக்கொள்வது ஒன்று, இத்தனை காலமாக அடிவயிற்றில் வைத்திருந்ததை எடுத்து வெளியே வைப்பது இன்னொன்று. எந்த வகை என்று முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பார்க்கவில்லை. "ஜெட்டு அடைச்சிருக்கு. ஒரு ஊக்கு இருந்தாக் கொடு" என்கிறேன். தாலிக்கொடியில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறாள். இன்று நான் நிறுத்தவில்லை, செண்பகம். இன்று என் கை கிளட்சைவிட்டு இறங்கவே இல்லை. இதைச் சொல்ல வேண்டுமானால் அன்று இறங்கியதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? இன்று குற்றமற்றவன் என்று நிரூபிக்க, அன்றைய குற்றத்தைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. வாயைக் கட்டிக்கொண்டு, ஊக்கின் முனையால் ஜெட்டின் துளையைக் குத்துகிறேன். துளை சுத்தமாகத்தான் இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் ஒரு மயிரிழை அளவு வானம் தெரிகிறது. பூட்டி உதைத்தால் மறுபடியும் முதல் உதையில் எடுத்துக்கொள்கிறது. ஊக்கைத் திருப்பிக் கொடுக்கிறேன். "ஜெட்டுதான்." "ம்" என்கிறாள். அந்த ம்-இல் ஒரு கல் இருந்தது.

கழுகுமலைக் கடைத்தெருவைக் கடந்தோம். பேருந்து நிறுத்தத்தில் சங்கரன்கோவில் என்று பலகை வைத்த பேருந்து புறப்படும் சத்தத்தோடு நிற்கிறது. அங்கேயே வண்டியை நிழலில் போட்டுவிட்டு ஏறியிருக்க வேண்டும். இதை இப்போது சொல்கிறேன். அப்போது என் மனத்தில் ஓடியது இதுதான்: இரண்டு கோளாறும் தீர்த்தாகிவிட்டது, இனி எதற்கு நிற்கப்போகிறது? அதற்கும் அடியில் இன்னொன்றும் ஓடியதோ? நின்றால் நிற்கட்டும் என்று ஒரு குரல்? மடியில் பிள்ளை உட்காரும்போது சுற்றி அவன் வீட்டார் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். இசக்கிராஜ், "வாங்க மாமா" என்பான். முடியாது என்று சொன்ன அதே வாயால் நான் என்ன சொல்வது? இந்தச் சிந்தனை வந்தபோதே எஞ்சின் விக்கியது. என் நினைப்புத்தான் அதன் தொண்டையைப் பிடித்துவிட்டதோ என்று ஒரு கணம் உண்மையிலேயே நம்பினேன். இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஒரு மரமில்லை. வண்டி ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிட்டது. செண்பகவல்லி இறங்கினாள், இம்முறை உட்கார இடம் தேடவில்லை, சாலையின் வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கழுகுமலையில் பார்த்த அந்தப் பேருந்து இனிமேல்தான் வர வேண்டும், வந்தால் என்னைக் கேட்காமல் ஏறிவிடுவாள் என்று அவள் நிற்கும் விதத்தில் தெரிந்தது. கைப்பேசி ஒலிக்கிறது. பூங்கோதையின் குரல், மேளத்தையும் பெண்களின் பேச்சையும் தாண்டி: "எங்கம்மா இருக்கீங்க? ஆசாரி நேரம் போகுதுன்னு குதிக்காரு." செண்பகவல்லி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர வேறு ஏதாவது சொல்லிவிடு என்று கண்ணால் கெஞ்சினேன். வேறு என்னதான் சொல்வாள், பாவம். "வண்டி நின்னுபோச்சும்மா." எதிர்முனையில் மேளம் மட்டும் கேட்டது. பிறகு, கோபமே இல்லாமல், "அன்னைக்கும் இதையேதாம்மா சொன்ன" என்றாள் என் மகள். "சரிம்மா. இவுக சித்தப்பா மடியில வச்சுக் குத்திடுதோம். வெயில்ல நிக்காதீங்க. மெதுவா வாங்க." தொலைபேசியை யாரிடமோ கொடுத்தாளோ, எங்கேயோ வைத்தாளோ, இணைப்பு அறுபடவில்லை. செண்பகவல்லியும் அறுக்கவில்லை. வெட்டவெளியில் அவள் உள்ளங்கையில் அந்தச் சிறிய பெட்டி திறந்து கிடந்தது. யாரோ பிள்ளையைக் கொஞ்சினார்கள். யாரோ தலையைப் பிடி, தலையைப் பிடி என்றார்கள். பிறகு ஓர் அழுகை, கிழிந்ததுபோல. மேளம் வேகமெடுத்தது. அழுகை மெல்லத் தேய்ந்து, விம்மலாகி, மறந்துவிட்டானோ என்று நினைக்கும்போது மறுபடியும் வீறிட்டது. வலது, இடது. முடிந்தது. என் பேரனுடைய முகத்தை நான் பார்த்ததில்லை. அவன் குரலை முதன்முதலாகக் கேட்டேன். என் இரண்டு கைகளும் எண்ணெய்க் கறுப்போடு வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காகத்தான் மூடியைத் திறந்தேன். காற்று விழுந்து, சுற்றிலும் ஒரு புல்கூட அசையாமல் இருந்தது. சுஸ்... என்று நீளமாக, உள்ளிழுத்த மூச்சு. இதைத்தான் அவள் பெருமூச்சு என்றாள். மூச்சை விடவில்லை; இழுத்தது. நீண்ட நேரம் நீருக்கு அடியில் இருந்தவன் தலையை வெளியே நீட்டி இழுப்பதுபோல. என் இடது கை, அன்றைக்குப் பிறகு முதன்முறையாக நடுவழியில், தானாக அந்தத் திருகைத் தேடிப் போனது. பிடி கீழ்நோக்கித்தான் இருந்தது, திறந்துதான் இருந்தது. பெட்ரோலும் இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது, ஆனால் இறங்கவில்லை. தொட்டிக்குள் காற்று புகுந்தால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதற்காக மூடியின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்தேனே, அதுதான் மருந்து; அதன்பிறகு நான் செய்ததெல்லாம் வேடிக்கை. முதல் விதியிலேயே விடை கிடைத்துக்கொண்டிருந்தது, நான்தான் அந்த அத்தியாயத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தேன். அன்றைய விக்கலும் இன்றைய விக்கலும் ஒன்று என்பதை முதல் முறையே ஒப்புக்கொண்டிருந்தால், உடைமரத்தடியிலேயே இது தீர்ந்திருக்கும். பிள்ளை என் மடியில் அழுதிருப்பான். மூடியை வெயிலுக்குத் தூக்கிப் பார்க்கிறேன். துளை அடைத்திருக்கிறது. ஒரு நொடி, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. நான் இல்லை! பார், செண்பகம், நான் நிறுத்தவில்லை, இதோ சாட்சி என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அடைப்பின் நிறம் அப்போதுதான் கண்ணில் பட்டது. மஞ்சள். தூசிக்கு ஏது மஞ்சள்? மூக்கருகே கொண்டுபோனேன், பெட்ரோல் நெடிக்குள் ஒரு நூலிழை வாசனை. சந்தனம். ஆயுதபூசை அன்று, மகளின் குரல் காதில் இருக்க, கிண்ணம் கையில் இருக்க, செண்பகவல்லி முகவிளக்குக்கும் சக்கரத்துக்கும் வைத்து, சந்தோஷத்தில் மூடியின் உச்சியிலும் ஒரு விரல் தாராளமாக அப்பியிருக்கிறாள். மேலே இருந்தது காய்ந்து உதிர்ந்துபோனது. துளைக்குள் இருந்தது கல்லானது. கடைக்கும் வீட்டுக்குமாக ஓடியவரை தெரியவில்லை. தூரப் பயணத்தில் கழுத்தை இறுக்கியது. கையேட்டை எழுதியவனுடைய ஊரில் ஆயுதபூசை இல்லை. பூங்கோதை சிறுமியாக இருந்தபோது ஒருமுறை இதே இடத்தில் பொட்டு வைத்தாள். நான் துண்டால் துடைத்தெறிந்து, இங்கே வைக்காதே என்று கத்தினேன். அவள் ஏன் என்று கேட்டாள். செண்பகவல்லியும் பக்கத்தில்தான் நின்றாள். சொல்வதற்கு உண்மையான காரணம் கையிலிருந்த நாள் அது. அன்றும் சொல்லவில்லை. அப்பா கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். கோபம் தணிந்துவிட்டது என்று நம்பிய வருடத்தில் செண்பகவல்லி அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

"என்ன, கோளாறு தெரிஞ்சுதா?" அவள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். கண் சிவந்திருக்கிறது. இதைக் காட்டினால் நான் தப்பித்துவிடுவேன். வண்டியை நிறுத்தியது அவள் வேண்டுதல்தான் என்று ஆகிவிடும். இனி ஒவ்வொரு பூசைக்கும் சந்தனக் கிண்ணத்தைத் தொடும்போது அந்த இரண்டு அழுகையும் அவள் காதில் கேட்கும். காட்டாவிட்டால் நான் மறுபடியும் நிறுத்தியவனாகவே இருந்துவிட்டுப் போவேன். "மூடியில தூசி அடைச்சிருக்கு. ஊக்கைக் கொடு" என்கிறேன். கொடுக்கிறாள். திரும்பி நின்றுகொண்டு குத்துகிறேன்; மஞ்சள் பொடி பொலபொலவென்று உதிர்கிறது; வாயை வைத்து ஊதுகிறேன்; உதட்டில் சந்தனம் கசக்கிறது. ஊக்கை வேட்டியில் துடைத்துத்தான் கொடுத்தேன். சரியாகத் துடைக்கவில்லை போலும். முனையை வெயிலில் திருப்பிப் பார்த்தாள். தாலிக்கொடியில் மாட்டப் போனவள், ஒரு கணம் மூக்குக்கு நேரே நிறுத்தினாள். "தூசியா?" "தூசிதான்." ஊக்கைத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டாள். பின்னால், வந்த திசையில், பேருந்தின் சத்தம் கேட்டது. பெரிதானது. வந்து, எங்களைக் கடந்து, போனது. அவள் கை காட்டவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. நிற்கட்டும் என்றுகூட ஒரு திருப்பத்தில் நினைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்கு, புத்தம்புதிதாக, ஓடிக்கொண்டிருந்தது. செண்பகம், அன்னைக்கு அந்த வளைவுல, என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். காற்று வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. இடது கையை மட்டும், அவள் கண்ணில் படும்படி, கைப்பிடியிலிருந்து அசைக்காமல் வைத்துக்கொண்டு ஓட்டினேன். தெருமுனையில் பந்தல் தெரிந்தது. மேளக்காரர்கள் உறைபோட்டுக்கொண்டிருந்தார்கள், எச்சில் இலைகளை ஒருவர் அள்ளிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுப் பூங்கோதை வாசலுக்கு வந்தாள். கொஞ்சம் சதை வைத்திருக்கிறாள். இடுப்பில் மொட்டைத்தலையோடு ஒரு பிள்ளை, இரண்டு காதிலும் மெல்லிய தங்கக் கம்பியும் அதைச் சுற்றிச் சிவப்பும். அழுது முடித்த கண்ணோடு அவன் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தான். அவள் சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினேன். நிறுத்தியவுடன் பெட்ரோலை மூட வேண்டும். பழைய வண்டிக்கு அது பழக்கம், இல்லாவிட்டால் ஒழுகிக்கொண்டே இருக்கும். இடது கை பாதிவழி இறங்கியது. அங்கேயே நின்றது. இத்தனை வருடத்தில் இந்த வண்டியில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. "செண்பகம்" என்றேன், "இந்தத் திருகை மூடிவிடேன். எந்தப் பக்கம்னா..." நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் குனிந்து, என் முழங்காலுக்கு அடியில் கையை நுழைத்து, தடவித் தேடாமல், கீழ்நோக்கியிருந்த பிடியைப் பிடித்துச் சரியாகக் குறுக்கே திருப்பினாள்.

"தெரியும்" என்றாள், கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டே. "ஓடுற வண்டியில ஒரு தடவை பாத்திருக்கேன்."